மட்டக்களப்பு, அம்பாறை: விளையாட்டு வரைபடத்தில் எந்த இடங்களைச் சேர்க்கலாம்?

#1 வாவிக்கரையான்

போக்கிமொன் கோ, இன்கிரஸ் என்று ஊருக்குள் நடந்து நடந்து போனில் விளையாடுகிற நம்மூர் ஆட்களுக்காக இந்த இழை. மட்டக்களப்பு நகரம் இருக்கிற புளியந்தீவுக்குள் நடந்தால் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு போக்கிஸ்டாப், அதாவது விளையாட்டில் பொருள் எடுக்கிற இடம், தெரிகிறது. மண்முனைப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் போனால் வரைபடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே கோயில் இல்லையா, வாசிகசாலை இல்லையா, மைதானம் இல்லையா? எல்லாம் இருக்கின்றன. எழுதி அனுப்ப ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இது எப்படி வந்தது என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2012இல் நயான்டிக் நிறுவனம் இன்கிரஸைத் தொடங்கியபோது அந்த வரைபடத்தின் புள்ளிகளான போர்ட்டல்களுக்குரிய இடங்களை விளையாடுபவர்களே படமெடுத்து அனுப்பினார்கள். 2015இல் புதிய இடங்கள் எடுப்பதை நிறுத்தினார்கள். 2016 ஜூலையில் போக்கிமொன் கோ வந்தபோது, அதுவரை சேர்ந்திருந்த இன்கிரஸ் இடங்கள்தான் போக்கிஸ்டாப்களாகவும், போக்கிமொன்கள் சண்டை போடுகிற ஜிம்களாகவும் மாறின. ஆக, அந்த இரண்டு மூன்று வருடங்களில் எந்த ஊரில் இன்கிரஸ் ஆடியவர் இருந்தாரோ அந்த ஊருக்கு இடம் கிடைத்தது. போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த படுவான்கரையில் அப்போது யார் கையில் நல்ல போன் இருந்தது? பிறகு 2019இல், இடங்களை முன்மொழிந்து பரிசீலிப்பதற்கான வேஃபேரர் தளம் வந்தது. இப்போது விளையாட்டில் குறிப்பிட்ட நிலையை எட்டிய எவரும் முன்மொழியலாம். மற்ற விளையாட்டுக்காரர்கள் அதைப் பார்த்து ஏற்பதா தள்ளுவதா என்று சொல்வார்கள்.

உங்கள் ஊரில் எதை அனுப்பலாம், எப்படி எழுதினால் எடுபடும் என்று இங்கே கதைப்போம். நான் பார்த்தவரை நம் பக்கத்து நல்ல இடங்கள் பல தள்ளுப்படுவது எழுதுகிற விதத்தால்தான்.

#2 படுவான்கரைப் பிள்ளை

நல்ல வேலை அண்ணா. எங்கள் ஊர் வைரவர் கோயிலை அனுப்பியிருந்தேன். பெரிய ஆலமரம், அடியில் சூலம், சின்னக் கொட்டகை. வயலுக்குப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். மரம் முழுவதும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்தேன். ‘எங்கள் ஊர் வைரவர், மிகவும் சக்தி வாய்ந்தவர்’ என்று விளக்கம். தனித்தன்மை இல்லை என்று திரும்பி வந்தது. எங்கள் ஊரில் அதைவிடத் தனித்தன்மையான இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

#3 வாவிக்கரையான்

தம்பி, இடம் தகுதியான இடம்தான். ரிவியூ செய்கிறவருடைய இடத்தில் இருந்து பாருங்கள். அவர் கொழும்பில் இருக்கலாம், கண்டியில் இருக்கலாம். அவர் முன்னால் இருப்பது உங்கள் தலைப்பு, விளக்கம், இரண்டு படம், மேலிருந்து எடுத்த வரைபடம். மரம் முழுவதும் விழுந்த படத்தில் அவருக்குத் தெரிவது மரம். தானாக வளர்ந்த மரமோ குளமோ பாறையோ அதற்காக மட்டும் ஏற்கப்படாது. அங்கே மனிதர் வைத்த நிலையான ஒரு பொருள் வேண்டும். அதனால் பிரதான படத்தின் நடுவில் சூலமும் பீடமும் வரட்டும். மரம் துணைப்படத்தில் வரட்டும். சுற்றுப்புறத்தையும் வீதியையும் காட்டி, ‘இது இங்கேதான் இருக்கிறது, நடந்து போய்ச் சேரலாம்’ என்று நம்பவைப்பதற்குத்தான் துணைப்படம்.

சக்தி வாய்ந்தவர் என்பது நமக்குப் போதும். வெளியாளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். விதைப்புக்கு முன்னால் பொங்கல் வைப்பார்களா? வருடச் சடங்கு எந்த மாதம்? சூலத்தை நட்டது யார் என்று ஊரில் கதை உண்டா? அதை எழுதுங்கள். ரிவியூவரிடம் கேட்கப்படும் முக்கியமான கேள்விகள் மூன்று: தேடிப்போய்ப் பார்க்கத் தக்க இடமா, உடற்பயிற்சிக்கு உதவுகிற இடமா, ஆட்கள் கூடுகிற இடமா. ஒன்று பொருந்தினால் போதும். உங்கள் வைரவர் இரண்டுக்குப் பொருந்துகிறார்.

கொக்கட்டிச்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பழைமையான சிவன் கோயில்’ என்று எழுதினால் அது எத்தனையோ கோயில்களுக்குப் பொருந்தும். போர்த்துக்கேயத் தளபதி வந்து இந்தக் கல் நந்தி புல் தின்னுமா என்று கேட்க, நந்தி எழுந்து புல் தின்றது என்று ஊர் சொல்கிற கதையை இரண்டு வரியில் எழுதினால் அது தான்தோன்றீஸ்வரருக்கு மட்டுமே பொருந்தும். படிக்கிறவருக்கும் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்.

துணைவிளக்கம் என்ற பெட்டியை ரிவியூவர் மட்டும்தான் பார்ப்பார். அதை வெறுமையாக விடாதீர்கள். அங்கே ஆங்கிலத்திலும் எழுதலாம். ‘எங்கள் ஊரில் ஸ்டாப் இல்லை, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம். ஸ்டாப் இல்லாததால் ஒரு இடம் தகுதி பெறாது, அந்த இடத்தின் சிறப்பால்தான் பெறும்.

#4 கல்லடி அலை

பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழைய கல்லடிப் பாலம், லேடி மெனிங் பாலம், 1924இல் கட்டியது. ஆளுநராக இருந்த மெனிங்கின் மனைவி பெயர். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தது. பாலத்தை அனுப்பும்போது புள்ளியை வாகனம் ஓடுகிற நடுப்பகுதியில் வைக்காதீர்கள், நடந்து போகிறவர் நிற்கக்கூடிய முனையில் வையுங்கள். பாதசாரிக்குப் பாதுகாப்பான வழி இல்லை என்று தோன்றினால் தள்ளிவிடுவார்கள். தள்ளுவது சரியும்கூட.

எனக்கு ஒரு கேள்வி. பாடும் மீனை, அதாவது வாவிக்குள் கேட்கிற அந்த ஒலியை, எப்படிச் சேர்ப்பது? மட்டக்களப்பு என்றால் முதலில் அதுதானே. முழுநிலா இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை வரைபடத்தில் வைக்க முடியாதா?

#5 வாவிக்கரையான்

ஒலியை வைக்க முடியாது. வாவியையும் வைக்க முடியாது. மீன் சிலை, அதைச் சொல்கிற அறிவிப்புப் பலகை, சுவரோவியம் என்று கையால் தொடக்கூடிய ஒன்று இருந்தால் அதை அனுப்பி, விளக்கத்தில் இந்தக் கதை முழுவதையும் எழுதலாம். துடுப்பைக் காதில் வைத்துக் கேட்பது என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த வரியை அப்படியே போடுங்கள்.

பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கும் இதே முறைதான். 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம், வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கம். வருடம், உயரம், அமைவிடம் மூன்றும் இருந்தால் விளக்கம் தானாக நிற்கும்.

#6 புளியந்தீவுக்காரி

கோட்டையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு குழப்பம் உண்டு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. உள்ளே அரச அலுவலகங்கள் இயங்குகின்றன. அலுவலகம் இருப்பதால் தகுதி இல்லை என்று சிலர் தள்ளுகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திறந்திருப்பதும் தடை இல்லை. நடந்து போகக்கூடிய வழியும், அது யாருடைய வீடாகவும் இல்லாமல் இருப்பதும்தான் தேவை.

பாடசாலை விஷயம் வேறு. பாலர் பாடசாலை முதல் உயர்தரம் வரை எந்தப் பாடசாலை வளவுக்குள்ளும் எதையும் அனுப்ப முடியாது. வில்லியம் ஓல்ட் பாதிரியார் இங்கே வந்த 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி என்றாலும் சரி, புனித மைக்கேல் என்றாலும் சரி. பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு ஒரு விளையாட்டு பெரிய ஆட்களைக் கூட்டிவரக் கூடாது. இந்த விதியில் எனக்கு முழு உடன்பாடு. கஷ்டம் வருவது விபுலாநந்த அடிகளின் சமாதி போன்ற இடங்களில். அது கல்லடி உப்போடையில் சிவானந்தா பாடசாலை வளவோடு சேர்ந்தது. மணிமண்டபத்துக்குப் பாடசாலைக்குள் போகாமல் வரும் வழியைத் துணைப்படத்தில் தெளிவாகக் காட்ட முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அடிகளுக்கு வேறு சிலைகளும் உண்டு.

உடற்பயிற்சிப் பக்கம் யாரும் பேசவில்லையே? வெபர் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர். ஊர் ஊராக விளையாட்டுக் கழக மைதானங்கள் இருக்கின்றன. மைதானத்தை வெறும் புல்லாகப் படமெடுக்காமல் பெயர்ப்பலகை, பார்வையாளர் கொட்டகை, கரப்பந்தாட்டக் கம்பம் என்று எடுங்கள்.

சுவரோவியங்களும் உண்டு. 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் மதில்களில் வரைந்தார்களே, அப்படி வரைந்தவற்றில் இன்னும் நிறம் போகாதவை தகுதியானவை. பாடசாலை மதில் என்றால் வேண்டாம்.

#7 காத்தான்குடி நடையன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பிரதான வீதியின் பேரீச்சை மரங்களைப் பார்த்துத்தான் வெளியூரார் காத்தான்குடி வந்துவிட்டது என்று அறிவார்கள். மேலே சொன்னபடி மரங்களை அனுப்ப ஏலாது என்று விளங்குகிறது. பூர்வீக நூதனசாலையை அனுப்பலாம். எங்கள் பகுதி முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை உருவங்களாக வைத்துக் காட்டுகிற இடம் அது.

பள்ளிவாசல்கள் பற்றி ஒரு வேண்டுகோள். விதிப்படி வணக்கத்தலம் தகுதியானது, நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இருந்தாலும் கேளுங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தெரியாத முகம் ஒன்று தேவாலயத்துக்கோ பள்ளிக்கோ முன்னால் நின்று நாலு பக்கமும் படமெடுத்தால் சனம் பயப்படும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போகாதீர்கள். ஒழுங்கை முனையில் இருக்கிற கடைக்காரரிடம் ‘நானா, இந்தக் கட்டடத்தைப் படமெடுக்கிறேன், விளையாட்டு வரைபடத்துக்கு’ என்று சொன்னால் போதும். பாதிப் பேர் ‘என்ன விளையாட்டு?’ என்று கேட்டு, அந்தப் பள்ளியின் வரலாற்றையும் சொல்லிவிடுவார்கள். உங்கள் விளக்கத்துக்கு அதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

#8 மண்டூர்த் தங்கச்சி

நடையன் நானா சொன்னதை வரவேற்கிறேன். அதோடு சேர்த்து இரண்டு விஷயம்.

ஒன்று, கண்ணகை அம்மன் கோயில்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இவை நிறைய. பல ஊர்களில் வைகாசியில் கதவு திறந்து, சடங்கு நடந்து, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாட்டைப் பாடி முடிந்ததும் கதவு சாத்தப்படும். மற்ற நாட்களில் பூட்டியே இருக்கும். ரிவியூவர் ‘கைவிடப்பட்ட கட்டடம்’ என்று நினைத்துவிடுவார். அதனால் துணைவிளக்கத்தில் இது ஊர் வழமை, வருடத்துக்கு ஒரு முறை கதவு திறப்பதுதான் இந்த வழிபாட்டின் சிறப்பு என்று சொல்லுங்கள். படம் வெளிவாசலில் இருந்து போதும். மூலத்தானத்தைப் படமெடுக்கக் கூடாது. சடங்கு நாட்களில் போனை வெளியே எடுக்கவே வேண்டாம். போக்கிஸ்டாப்பை இப்போது 80 மீற்றர் தூரத்தில் இருந்தே திரையில் விரலால் சுற்றலாம், எனவே விளையாடுகிறவர் வளவுக்குள் கால் வைக்க வேண்டிய தேவையே இல்லை. இன்கிரஸுக்கு 40 மீற்றர். அதுவும் பெரும்பாலும் வீதியில் இருந்தே எட்டும்.

இரண்டாவது, எந்த இடத்தை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் பொடியன்கள். பற்றைக்குள் இருக்கிற பழைய கிணறு, ஆள் நடமாட்டம் இல்லாத குளக்கட்டுக் கோயில் என்று அனுப்புகிறீர்கள். இடம் அழகுதான். பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் நானோ என் தோழிகளோ அங்கே போக முடியாது. வாசிகசாலை, பொது நூலகம், சிறுவர் பூங்கா, சந்தியில் இருக்கிற பிள்ளையார், கலாசார மண்டபம், விளக்குப் போட்ட கடற்கரைப் பூங்கா இவற்றை முதலில் அனுப்புங்கள். அப்போதுதான் ஊரில் பாதிப் பேருக்கும் இந்த விளையாட்டு இருக்கும்.

கூத்துக் களரியை அனுப்பலாமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். களரி என்பது கூத்து ஆடுகிற மேடை, அந்தக் கூத்துக்காகப் போடுவது, முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். நிலையானது இல்லை என்பதால் ஏற்க மாட்டார்கள்.

#9 படுவான்கரைப் பிள்ளை

அக்கா சொன்னதை நான் யோசித்ததே கிடையாது. எங்கள் ஊர் வாசிகசாலையை அனுப்புகிறேன்.

#10 காரைதீவு மல்லிகை

அம்பாறைப் பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி. கொஞ்சம் கனமான கேள்வி. எங்கள் கடற்கரை நெடுகிலும் சுனாமி நினைவுத்தூபிகள் இருக்கின்றன. இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். வெளியூரில் இருந்து வரும் இளம் ஆட்களுக்கு இது தெரிவதில்லை. கடற்கரையில் குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தூபிகளை முன்மொழிந்து, விளக்கத்தில் 2004 டிசம்பர் 26 பற்றி எழுதினால், ஸ்டாப்பைச் சுற்றுகிற ஒருவராவது நின்று வாசிப்பார் என்று நினைக்கிறேன். விதிப்படி நினைவுச்சின்னம் தகுதியானது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#11 கல்லடி அலை

வேண்டாம். நாவலடித் தூபியில் இருக்கிற பெயர்களில் எங்கள் குடும்பத்துப் பெயர்களும் உண்டு. அம்மா ஒவ்வொரு வருடமும் அங்கே விளக்கு வைக்கிறார். அந்த நேரத்தில் பக்கத்தில் நாலு பேர் போனைத் தட்டிக்கொண்டு ‘பிடி, பிடி’ என்று நிற்பதை நான் ஏற்க மாட்டேன். ஜிம்மாக மாறினால் அங்கே சண்டை நடக்கும். பெயர்ப் பட்டியலுக்கு மேல் சண்டை.

#12 புளியந்தீவுக்காரி

இதற்கு உலகில் முன்னுதாரணம் இருக்கிறது. 2016இல் போக்கிமொன் கோ வந்த உடனே வாஷிங்டனில் இருக்கிற யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகமும், போலந்தில் ஆஷ்விட்ஸ் நினைவிடமும் தங்கள் வளவுக்குள் விளையாட வேண்டாம் என்று கேட்டன. ஹிரோஷிமா நகரமும் கேட்டது, அந்த வருடம் ஆகஸ்ட் 6க்கு முன்னாலேயே அமைதிப் பூங்காவுக்குள் இருந்த ஸ்டாப்கள் எடுக்கப்பட்டன. இடத்துக்குப் பொறுப்பானவர்கள் கேட்டால் நீக்குவதற்கு வழி உண்டு.

ஆனால் மல்லிகை சொல்வதிலும் எனக்கு உடன்பாடு உண்டு. துக்கத்தின் இடங்கள் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டே போனால் நம் கரையோர வரைபடத்தில் கடைசியில் மிஞ்சுவது ஹோட்டல்களும் செல்ஃபி எடுக்கிற இடங்களும்தான்.

#13 காத்தான்குடி நடையன்

எங்கள் ஊரில், தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட 1990 ஆகஸ்ட் 3இன் குண்டுத் துளைகள் பள்ளிச் சுவரில் இன்னும் இருக்கின்றன. வெளியூரார் வந்து பார்க்கிறார்கள், நாங்கள் காட்டுகிறோம், கதை சொல்கிறோம். அதை விளையாட்டில் நான் சேர்க்க மாட்டேன். பார்க்க வருகிறவருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்று சொல்ல வேண்டிய கதை அது. மல்லிகைக்கு நான் எதிர்ப்பு இல்லை. அந்தந்தக் குடும்பங்கள் சொல்லட்டும்.

#14 காரைதீவு மல்லிகை

அலை அண்ணா, அம்மா விளக்கு வைக்கிற இடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு மேல் நாவலடியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எங்கள் ஊர்த் தூபியை அனுப்புவதற்கு முன் வருட நினைவு நாளை நடத்துகிற ஆட்களிடம் போய்க் கேட்பேன். அவர்கள் வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன். வேண்டும் என்றால் அனுப்புவேன். என் கருத்து அப்படியே இருக்கிறது, ஆனால் தீர்மானம் அவர்களுடையது.

கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? அலையில் கோபுரம் சாய்ந்த கதை அந்தக் கோயிலின் கதைதானே.

#15 கல்லடி அலை

கோயிலைத் தாராளமாகச் சேர்க்கலாம் தங்கச்சி. அது சனம் வந்து போகிற இடம், திருவிழா நடக்கிற இடம். சாய்ந்த கோபுரத்தைப் பற்றி விளக்கத்தில் கட்டாயம் எழுத வேண்டும். நீங்கள் தேடுகிற ஆள் அங்கே நின்று வாசிப்பார். வரைவை அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.

#16 படுவான்கரைப் பிள்ளை

ஒரு தொழில்நுட்பக் கேள்வி. வாசிகசாலைக்கு ஒட்டியே முருகன் கோயில் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் விளையாட்டில் வரும் என்கிறார்கள். புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இரண்டும் வரும் என்று ஒரு நண்பன் சொன்னான். செய்யலாமா?

#17 வாவிக்கரையான்

செய்யாதீர்கள். வரைபடம் எஸ்2 செல் என்கிற கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. போக்கிமொன் கோவில் 17ஆம் நிலைக் கட்டம் ஒன்றுக்குள் ஒரு இடம்தான் தெரியும். கட்டத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 70 மீற்றர். இன்கிரஸில் இடங்களுக்கு இடையே 20 மீற்றர் இருந்தால் போதும், அதனால் இரண்டாவது இடம் இதில் வராவிட்டாலும் அதில் வர வாய்ப்பு உண்டு. இடம் உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் புள்ளி. தெரிந்தே தள்ளி வைப்பது முறைகேடு, கணக்கே தடைப்படலாம். அதைவிட, உங்களை நம்பி நடந்து வருகிற ஆள் யாரோ ஒருவருடைய வீட்டு வேலிக்கு முன்னால் போய் நிற்பார்.

எது முதலில் வர வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். மண்டூர்த் தங்கச்சி சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் வாசிகசாலையை முதலில் அனுப்புவேன்.

#18 மண்டூர்த் தங்கச்சி

நானும் ஒரு வரைவு போடுகிறேன், திருத்தித் தாருங்கள். மண்டூர் குருமண்வெளித் துறை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் இங்கே ‘பாதை’ என்போம். தலைப்பு: ‘மண்டூர் பாதை’. விளக்கம்: ‘வாவியைக் கடக்க உதவும் பாதை. மிகவும் அழகான இடம். அனைவரும் வந்து பாருங்கள்.’ படத்தில் பாதை தண்ணீரின் நடுவில் வருகிறது, மேலே மோட்டார் சைக்கிள்களும் ஆட்களும் நிற்கிறார்கள்.

#19 வாவிக்கரையான்

பாதை அங்கும் இங்கும் ஓடுகிறது, அதை அனுப்ப முடியாது. கரையில் இருக்கிற துறை நிலையானது, அதை அனுப்புங்கள். ஆட்கள் காத்திருக்கிற கொட்டகையோ பெயர்ப்பலகையோ இருந்தால் அதைப் பிரதான படத்தில் வையுங்கள். பாதை துணைப்படத்தில் வரட்டும்.

தலைப்பு: மண்டூர் பாதைத்துறை.

விளக்கம்: ‘படுவான்கரையின் மண்டூரையும் எழுவான்கரையின் குருமண்வெளியையும் இணைக்கும் வாவித்துறை. மோட்டார் சைக்கிளோடும் நெல் மூட்டையோடும் மக்கள் பாதையில் ஏறி வாவியைக் கடப்பார்கள். சின்னக் கதிர்காமம் என்று அழைக்கப்படும் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு வரும் அடியார்களும் இந்தத் துறையால் வருவதுண்டு.’

துணைவிளக்கத்தில், பயணிகள் காத்திருக்கும் பொது இடம், வீதியில் இருந்து நடந்து வரலாம் என்று எழுதுங்கள். பிரதான படத்தை ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து எடுங்கள், முகம் தெரியக் கூடாது. மோட்டார் சைக்கிள்களின் இலக்கத் தகடும் விழக் கூடாது. காலை வெயில் கிழக்கிலிருந்து வாவிக்கு மேலே வரும், பலகை இருட்டாகிவிடும். பின்னேரம் எடுத்தால் எழுத்துகள் தெளிவாக விழும்.